இரண்டு வாரம் உட்கார்ந்து பார்க்க விடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் நம் ஊர்க் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வாசலில்தான் கூட்டம். அரசுக் கலைக் கல்லூரிக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். பிரவுசிங் சென்டரில் வாங்குவது வேறு கணக்கு, அதை விடுங்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அண்ணன் கேட்கிறார்: "என்ன கோர்ஸ்மா போடட்டும்?"

பிள்ளை அம்மாவைப் பார்க்கிறது. நடவு வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்த அம்மா, அந்த அண்ணனையே பார்க்கிறார். "நீயே நல்லதா பார்த்துப் போடுப்பா."

அவர் போடுகிறார். முதலில் பி.காம்., அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கடுத்து ஆங்கிலம். வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததை, அதுவும் கரண்ட் போவதற்குள், செய்து கொடுக்கிறார். ஆனால் மூன்று வருஷப் படிப்பையும் அதற்குப் பிறகான பிழைப்பையும் தீர்மானிக்கிற காரியம் இப்படித்தான் ஐந்து நிமிஷத்தில், அந்தப் பாடங்களில் எதையும் ஒருநாள்கூட உட்கார்ந்து கேட்டிராத மூன்று பேரால் முடிந்துவிடுகிறது.

பிறகு கலந்தாய்வு. விரும்பியது முடிந்துபோயிருந்தால் இருப்பதை எடுக்க வேண்டும். "சீட்டு கிடைச்சிடுச்சு" என்று ஊருக்குப் போன் போகும். என்ன சீட்டு என்று கேட்கிறவர்கள் குறைவு.

செஞ்சிப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே சேரியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் பிள்ளைகளில் ஒரு தங்கை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, தமிழ் வழி. கலந்தாய்வில் இயற்பியல் கிடைத்தது, ஆங்கில வழி. சேர்ந்துவிட்டாள். மூன்றாவது வாரம் வாக்கில் அவளுக்கு ஒன்று தெரிந்தது. அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எங்க கிளாசுக்குப் பக்கத்து ரூம் ஹிஸ்டரி, அண்ணா. எங்க சார் வராத அன்னைக்கு வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள ஒரு மேடம் செஞ்சிக் கோட்டையைப் பத்தி நடத்துறாங்க. யார் கட்டுனா, யார் புடிச்சா, எதுக்குப் புடிச்சான்னு. நான் தெனம் மாடு ஓட்டிக்கிட்டுப் போறப்ப பாக்குற மலை அது. மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னுட்டேன்."

மறுநாளும் போய் நின்றிருக்கிறாள். துறை மாற்றிக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இன்னொரு பத்து நாள் ஆகிவிட்டது. அலுவலகத்தில் கேட்டபோது, "அட்மிஷன் குளோஸ் பண்ணியாச்சே, முதல் வாரமே வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்களே" என்றார்களாம். அப்படி ஒரு தேதி இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். இரண்டாம் பருவ முடிவில் ஐந்து பாடங்களில் அரியர். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் என்னோடு பேசினாள்.

இயற்பியல் நல்ல பாடம். இந்தத் தங்கை படிக்கத் தெரியாதவளும் இல்லை. பக்கத்து அறைக்குள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கவும், பார்த்த பிறகு இடம் மாறவும் அவளுக்கு வழி இருந்திருக்க வேண்டும். இந்த வாரம் நான் எழுத வந்தது இவ்வளவுதான்.

இப்படி உட்கார்ந்து பார்ப்பது உலகத்தில் எங்கும் இல்லாத வழக்கம் ஒன்றும் அல்ல. அமெரிக்காவில் சில பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கு ‘ஷாப்பிங்’ என்றே பெயர். துணிக்கடையில் நாலு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றை எடுக்கிறோமே, அதே மாதிரி. பருவம் தொடங்கியதும் மாணவர்கள் ஏழெட்டு வகுப்புகளுக்குப் போய் உட்காருவார்கள். ஆசிரியர் எப்படி நடத்துகிறார், எவ்வளவு படிக்கச் சொல்கிறார், நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு அதன் பிறகு நாலைந்து பாடங்களில் பெயர் பதிவார்கள். பிரௌன் பல்கலைக்கழகத்தில் இன்றும் பருவத்தின் முதல் இரண்டு வாரம் இதற்கென்றே இருக்கிறது. ஹார்வர்டில் பல காலம் ஒரு வாரம் இருந்தது. எந்த வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாமல் ஆசிரியர்களும் உதவி ஆசிரியர்களும் திண்டாடுகிறார்கள் என்று காரணம் சொல்லி, 2022-ல் ஆசிரியர்கள் வாக்களித்து அதை நிறுத்தினார்கள். மாணவர்களில் பலர் எதிர்த்தார்கள். நம் நாட்டிலும் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பருவத் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் ஒரு பாடத்தை விட்டு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு.

அங்கே ஒரு பாடம் மாற்றுவதற்கு இவ்வளவு இடம். இங்கே மூன்று வருஷமும் ஒரே துறைக்குள் அடைபடுகிற பிள்ளைக்கு வராண்டாவில் நிற்கத்தான் இடம்.

பாடங்களுக்குள் நுழைந்து நுழைந்து பார்த்ததால் என்ன விளையும் என்பதற்கு நம்மிடம் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டுக்கு, 1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 22 வயது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்த பாடங்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஒவ்வொன்று. கூட்டினால் 60.

அவருடைய துறை பொருளாதாரம். அதில் மட்டும் கிடந்திருந்தாலும் பட்டம் வந்திருக்கும். 1915-ல் எம்.ஏ. வாங்கியதும் பொருளாதாரத்தில்தான். ஆனால் அந்த நாலே நாலு மானிடவியல் பாடங்களைப் பாருங்கள். கோல்டன்வைசர் என்ற பேராசிரியர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில்தான் 1916 மே 9 அன்று அண்ணல் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அவர் நிறுவியது அந்த வகுப்பறையில். தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியிடம் கேட்ட பாடம் இருபது வருஷம் கழித்து, 1936-ல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் வந்து நிற்கிறது. தனக்கு ஆசிரியராக இருந்தவர் என்று டூயியை அந்த நூலிலேயே நன்றியோடு குறிப்பிடுகிறார். தனக்கு ஒதுக்கிய அறையை விட்டு வெளியே வராத மாணவருக்கு இவையெல்லாம் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதே கதையில் இன்னொரு பகுதி உண்டு. மேடைகளில் அதைக் குறைவாகத்தான் சொல்கிறோம். 1916-ல் அவர் லண்டன் போய்ச் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, கொலம்பியா விடுதித் தோழரான பார்சி நண்பர் நேவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன் ஆகியவற்றோடு 1920-ல் திரும்பிப் போனார். 1921-ல் எம்.எஸ்சி., 1923-ல் டி.எஸ்சி. அந்த அனுமதிக் கடிதம் ஒன்று இல்லாமல் போயிருந்தால் 1917 பாதியில் நின்ற படிப்பாகவே போயிருக்கும். அண்ணலின் உழைப்பைப் பற்றி நாம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேசவும் வேண்டும். அந்த உழைப்புக்கு ஒரு நிறுவனம் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"படிக்கிற பிள்ளை எதைக் கொடுத்தாலும் படிக்கும்" என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் வீட்டில் இரண்டு தலைமுறை படித்திருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. பெரியப்பா ஆடிட்டர், அத்தை ஆங்கிலப் பேராசிரியர், அண்ணன் சென்னையில் சாப்ட்வேர். பி.காம். என்றால் என்ன, அதில் எது கஷ்டம், முடித்தால் எங்கே போகலாம் என்று சாப்பாட்டு நேரத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். ஐந்து வருஷம் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அது ‘தெரிந்து’ எடுக்கிறது. நம் பிள்ளைக்கு அந்தப் பேச்சு கிடைப்பது முதல் முறையாகக் கல்லூரி வகுப்பறையில்தான். அதனால் அந்த முதல் இரண்டு வாரம் நம் பிள்ளைக்கு மற்றவர்களை விட அதிகம் தேவை.

பாடத்தின் பெயரை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்த்த ஏமாற்றங்களில் பெரியது பி.ஏ. ஆங்கிலம். அதில் சேர்ந்தால் இங்கிலீஷ் சரளமாகப் பேச வரும் என்று நம்பிச் சேர்க்கிறார்கள். உள்ளே போனால் இங்கிலாந்துக் கவிதை, நாடகம், இலக்கிய வரலாறு, திறனாய்வு. பேச்சுப் பயிற்சி அதில் ஓர் ஓரம். இலக்கியத்தில் ருசி உள்ள பிள்ளைக்கு அது கரும்பு. பேசப் பழக வந்த பிள்ளைக்குச் சுவர். பொருளாதாரம் என்றால் நாட்டு நடப்பு என்று நினைத்து வருகிறவருக்குப் புள்ளியியலும் வரைபடமும் காத்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸில் துணைப்பாடமாகக் கணிதம் வரும். பிளஸ் டூவில் கணிதத்துக்குப் பயந்து ஓடி வந்தவர் அங்கே மறுபடி மாட்டிக்கொள்வார். தமிழும் அப்படித்தான். கவிதை எழுதுகிறேன் என்று தமிழ் எடுத்து வருகிற தம்பி நன்னூலிலும் யாப்பிலும் விழி பிதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இலக்கணம் பிடித்துவிட்டால் அதை விட ஒரு சுகம் இல்லை. ஆனால் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு வாரமாவது அந்த வகுப்பில் உட்கார வேண்டும்.

வழியும் ஒரு தேர்வுதான். தமிழ் வழியா, ஆங்கில வழியா? "இங்கிலீஷ் மீடியம்னா வேலை கிடைக்கும்" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு 2010 முதல் சட்டமாக இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் வகுப்பு தொடங்கி அந்த வேலைக்குரிய கல்வித்தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்துவிட்டு, கலந்தாய்வு மேசையில் யாரோ சொன்னார் என்று ஆங்கில வழிக்குக் கையெழுத்துப் போட்டால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கிற வேலைகளில் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். இதை அந்த மேசையில் யாராவது சொல்கிறார்களா?

துறைதான் மாற முடியவில்லை, உள்ளே இருக்கிற விருப்பப் பாடமாவது நம் விருப்பமா என்றால் அதுவும் சந்தேகம்தான். வேறு துறைப் பாடம் ஒன்றைப் படித்துப் பார்க்கட்டும் என்றுதான் பாடத்திட்டத்தில் முதன்மைப் பாடம் அல்லாத விருப்பப் பாடம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இயற்பியல் மாணவி வரலாறு எடுக்கலாம், வணிகவியல் மாணவர் தமிழ் எடுக்கலாம். பல கல்லூரிகளில் நடப்பது வேறு. ஆசிரியர் வேலைப்பளுவைப் பார்த்து, அறையைப் பார்த்து, ‘உங்கள் வகுப்புக்கு இதுதான்’ என்று மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும்போது துறைத்தலைவர்கள்தான் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிற துறையில் பத்துப் பாடம் திறந்து வைக்க முடியாது. ஆனாலும் இரண்டு பாடம் வைத்து, ஒரு வாரம் இரண்டிலும் உட்காரச் சொல்லி, பிறகு கேட்டுப் பதியலாம். அதற்குச் செலவு இல்லை.

நம் பிள்ளைகள் முதல் வாரத்தில் பாடத்தை மட்டும் பார்ப்பதில்லை. வகுப்பறையையும் பார்க்கிறார்கள். இதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். வருகைப்பதிவு எடுக்கும்போது எந்த ஊர் என்று கேட்டு, அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்கிற ஆசிரியர் இருக்கிறார். "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று படிவம் கொடுப்பதற்காகச் சொல்கிறவர் இருக்கிறார். மனதில் வஞ்சம் ஏதும் இல்லாமலேயே சொல்வார். எழுந்து நின்ற பிள்ளைக்கு அந்த மூன்று வருஷமும் எந்த பெஞ்சில் உட்காருவது என்பது அன்றைக்கே முடிவாகிவிடும். இதற்கு நேர்மாறாக, பின்பெஞ்சுப் பிள்ளையின் பெயரை இரண்டாம் நாளே நினைவில் வைத்துக் கூப்பிடுகிற ஆசிரியரும் இருக்கிறார். எத்தனையோ பேர் அப்படி ஓர் ஆசிரியருக்காகவே ஒரு துறையில் ஒட்டிக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். எந்த அறையில் தலை நிமிர்ந்து உட்கார முடியும் என்று தேடுவது பாடத்தைத் தேடுவதற்குக் குறைந்த விஷயம் இல்லை. ஆனால் வகுப்பறையில் அவமானம் நடந்தால் அறையை மாற்றிக்கொள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் புகார்தான் வழி. அதை இன்னொரு வாரம் விரிவாக எழுதுகிறேன்.

"சரி, மாறிக்கொள்ளலாம்" என்று கல்லூரி சொன்னாலும் நம் பிள்ளையின் காலில் இன்னொரு கயிறு கட்டியிருக்கிறது. அது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கிற தொகை. நீண்டகாலமாக அதன் விதிகளில் ஒரு நிபந்தனை இருந்து வருகிறது: உதவித்தொகை வழங்கப்பட்ட பாடத்தையோ கல்வி நிறுவனத்தையோ மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் மாற்றினால் தொகையை நிறுத்தலாம், கொடுத்ததைத் திரும்பவும் பெறலாம். பணத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வந்த விதி என்று சொல்வார்கள். பதினேழு வயதில் ஒரு பாடத்தை எடுத்து மூன்று வாரத்தில் அது தனக்கானது இல்லை என்று உணர்ந்த பிள்ளைக்கும் அதே விதிதான். பணம் கட்டிப் படிக்கிறவர் பாடம் மாற்றினால் அது அவர் சொந்த விஷயம். உதவித்தொகையில் படிக்கிறவர் மாற்றினால் அது அனுமதி கேட்க வேண்டிய விஷயம்.

ஆகவே துறை மாறுகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மாறிவிடுங்கள். போட்ட பிறகு மாற நேர்ந்தால், முதல்வரின் துறை மாற்ற உத்தரவு நகலோடு கல்லூரி உதவித்தொகைப் பிரிவிலும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து, விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது. பெயர் ஒரு பாடத்திலும் விண்ணப்பம் இன்னொரு பாடத்திலும் இருந்தால் பணம் நிற்கும். பணம் நின்றால் அடுத்த வருஷம் நீங்களும் நிற்க வேண்டிவரும்.

சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு வெளியே வர நினைக்கிறவர்களின் நிலைமை இன்னும் மோசம். திண்டிவனம் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு அரசுக் கல்லூரியில் இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் அவர் கேட்ட வணிகவியலே கிடைத்தது. ஏற்கெனவே சேர்ந்திருந்த தனியார் கல்லூரி டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் தர மறுத்தது. மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அவருடைய அப்பா, கல் உடைக்கிற வேலை செய்கிறவர், அந்த அலுவலகத்து வாசலில் இரண்டு நாள் நின்றார். நாங்கள் நாலு பேர் யு.ஜி.சி. அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு போய் நின்றபோது அரை மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது.

அந்த அறிவிப்பு என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. 2018 அக்டோபரில் யு.ஜி.சி. வெளியிட்டது. கல்லூரி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. சில ஆண்டுகளுக்கு யு.ஜி.சி. தனியாகவும் தேதி அறிவிக்கிறது. 2024–25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30 வரை முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதி என்று சொன்னது. நீங்கள் சேருகிற ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனித்தீர்களா? சேர்ந்து, உட்கார்ந்து பார்த்து, வேண்டாம் என்று வெளியே வருகிற உரிமை காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அது பிரவுசிங் சென்டர் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி முதல்வர்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதலாமாண்டு வகுப்பு ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ திறக்கிறது. துறை மாற்றம் கேட்கக் கடைசி நாள் எது, எந்தத் துறையில் எத்தனை இடம் காலி, யாரிடம் மனுக் கொடுப்பது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, திறந்த அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் இரண்டு வாரம், வகுப்பு இல்லாத நேரத்தில் முதலாமாண்டு மாணவர் எந்தத் துறை வகுப்பிலும் உட்கார்ந்து கேட்கலாம் என்று சுற்றறிக்கை விடுங்கள். காலி இடம் இருக்கும்வரை மாற்றிக் கொடுங்கள். எல்லோரும் பி.காம்.முக்கே ஓடிவிடுவார்களே, சில துறைகள் காலியாகிவிடுமே என்று ஒரு பேராசிரியர் நண்பர் கேட்டார். காலி இடத்துக்குத்தானே மாற்ற முடியும், எப்படி எல்லோரும் ஓடுவார்கள்? அது மட்டும் இல்லை. இயற்பியலிலிருந்து வரலாற்றுக்கு வர ஒருத்தி வராண்டாவில் நின்றாளே, அவளைப் போல எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தத் துறைகளுக்கே இன்னும் தெரியாது.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் பருவப் பாடத்திட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதில் பாதி தமிழும் ஆங்கிலமும் பொதுப்பாடமும்தான். ஐந்தாம் பருவத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் அந்தத் துறையின் உண்மையான முகம் இருக்கிறது. இரண்டாமாண்டு அண்ணன், அக்காவிடம் அவர்களுடைய நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பிடித்த துறையின் ஆசிரியரிடம் நேராகப் போய், "ஒரு வாரம் உட்கார்ந்து கேட்கலாமா?" என்று கேளுங்கள். நான் அறிந்தவரை பத்தில் எட்டு ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். தன் பாடத்தைக் கேட்க வருகிற பிள்ளையை எந்த ஆசிரியருக்குத்தான் பிடிக்காது? ஒரு நாள் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் எல்லா வகுப்பும் நன்றாகத்தான் இருக்கும். ஆங்கில வழி புரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்த பாடத்தை விட்டுவிடவும் வேண்டாம். தமிழ் வழிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

விடுதியில் இருக்கும் மூத்த மாணவர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். நம் மாவட்டத்து விடுதி ஒன்றில், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர், போன வருஷம் மூன்றாமாண்டு மாணவர்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார்கள். எந்தத் துறை, எந்த அறை, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்ன வகுப்பு, யாரிடம் கேட்டால் உட்கார விடுவார்கள் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துப் போய் உட்கார்ந்தவர்களில் மூன்று பேர் துறை மாறினார்கள். இருவர் பார்த்துவிட்டு, தாங்கள் எடுத்ததே சரி என்று திரும்பி வந்தார்கள். இந்த வருஷமும் ஒட்டப் போவதாகச் சொன்னார்கள். மற்ற விடுதிகளிலும் யாராவது ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும், சார்ட்டுக்கு ஆகிற செலவு பத்து இருபது ரூபாய்.

சான்றிதழைத் தர மறுத்தாலோ, கட்டணத்தைத் திருப்பவில்லை என்றாலோ, கல்லூரி முதல்வருக்கு முதலில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டண ரசீது நகல், சேர்க்கைக் கடித நகல் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். காலை பத்து மணிக்குள் போய்விட்டால் வரிசை குறைவாக இருக்கும்.